இலவசக் குரல் உதவியாளர்கள்: எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்?

மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் என நீளும் வடசென்னைத் தொழிற்பட்டையில் கைபேசி என்பது எழுதும் கருவியாக இருப்பதைவிடப் பேசும் கருவியாகவே மிகுதியும் பயன்படுகிறது. அனல்மின் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் கன்டெய்னர் முனையங்களிலும் மாறிமாறி ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர் தட்டச்சு செய்வதில்லை, பேசி அனுப்புகின்றனர். பள்ளிக் கல்வி பாதியில் நின்றுபோன நம் தாய்மார்கள் உதவித்தொகைக்கான விண்ணப்ப நிலையை அறியவும், பேருந்து நேரம் கேட்கவும், மருந்தின் பெயரைத் தேடவும் கைபேசியிடம் பேசுகின்றனர். எழுத்தறிவைச் சாதியின் வேலிக்குள் பூட்டி வைத்திருந்த சமூகத்தில், எழுதாமலேயே தகவலைப் பெற முடிவது சிறிய செய்தி அன்று. குரல் உதவியாளர்களைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.

எனவே 'பயன்படுத்தாதீர்கள்' என்று அறிவுரை கூற நாங்கள் இதை எழுதவில்லை. கூகுள் அசிஸ்டன்ட், ஜெமினி, அலெக்சா, சிரி, வாட்ஸ்அப்பில் உள்ள மெட்டா ஏஐ போன்றவை காசு வாங்காமல் நமக்குச் செய்யும் வேலைக்கு ஈடாக நம்மிடமிருந்து எதைப் பெறுகின்றன, அந்தப் பரிமாற்றத்தில் தலித் மக்களும் அவர்களுக்காகப் பணிபுரிவோரும் சந்திக்கும் தனித்த ஆபத்துகள் எவை, சட்டம் எதுவரை துணை நிற்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்பவற்றைத் தொகுத்துத் தருவதே நோக்கம்.

இயங்கும் முறை

குரல் உதவியாளர் எப்போதும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. 'ஓகே கூகுள்', 'அலெக்சா' போன்ற அந்தச் சொல்லை விழிப்புச் சொல் எனலாம். அதைக் கண்டுகொள்வதற்காகக் கருவியின் ஒலிவாங்கி இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் கேட்டவற்றைச் சில நொடிகளுக்குள் அழித்துவிடும். விழிப்புச் சொல் ஒலித்ததாகக் கருவி கருதினால், அதன் பின் வரும் பேச்சு நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அங்கே அது எழுத்தாக மாற்றப்பட்டு, பொருள் அறியப்பட்டு, விடை திரும்புகிறது. புதிய கைபேசிகள் சில வேலைகளைக் கருவிக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. எனினும் பெரும்பாலான கேள்விகள் சர்வரைத் தொட்டே திரும்புகின்றன.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கருவி தவறாகக் கேட்கும். தொலைக்காட்சியின் ஓசையையோ, பக்கத்தில் இருப்பவரின் பேச்சையோ விழிப்புச் சொல்லாக எடுத்துக்கொண்டு பதிவு செய்யத் தொடங்கிவிடும். இரண்டாவது, பேச்சோடு நேரம், கருவியின் அடையாளம், கணக்கின் பெயர், பல வேளைகளில் இருப்பிடம் ஆகியனவும் சேர்ந்தே போகின்றன. மூன்றாவது, இயந்திரத்தின் பிழைகளைத் திருத்தப் பதிவுகளின் ஒரு பகுதியை மனிதர்கள் கேட்கின்றனர். பலரும் அறியாதது இந்த மூன்றாவது செய்தியே.

வெளிவந்த உண்மைகள்

2019 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், அலெக்சாவின் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்க அமேசான் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரை அமர்த்தியிருப்பதை வெளியிட்டது. அப்பணி நடந்த இடங்களில் இந்தியாவும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் பெல்ஜியத்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான விஆர்டி, கூகுள் அசிஸ்டன்ட் பதிவுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கேட்டு ஆராய்ந்தது. அவற்றுள் 153 பதிவுகள் விழிப்புச் சொல்லே சொல்லப்படாமல் பதிவானவை. படுக்கையறைப் பேச்சும், குடும்பச் சண்டையும், முகவரிகளும் அவற்றில் இருந்தன. அந்த முகவரிகளைக் கொண்டு செய்தியாளர்கள் சிலரைத் தேடிச் சென்று, அவர்கள் குரலையே அவர்களுக்குப் போட்டுக் காட்டினர். பதிவுகளில் ஏறத்தாழ 0.2 விழுக்காட்டை மட்டுமே மொழி வல்லுநர்கள் கேட்பதாகக் கூகுள் விளக்கமளித்தது. விழுக்காடு சிறிது, ஆனால் உலகம் முழுவதிலும் நாள்தோறும் பேசப்படுபவற்றின் விழுக்காடு அது.

அதே மாதத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் சிரி குறித்தும் இதே குற்றச்சாட்டை கார்டியன் நாளேடு வெளியிட்டது. ஆகஸ்டில் ஆப்பிள் மன்னிப்புக் கோரியது. அமெரிக்காவில் அது தொடர்பாக நடந்த கூட்டு வழக்கை 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள அந்நிறுவனம் உடன்பட்ட செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. தவறு எதையும் அது ஒப்புக்கொள்ளவில்லை. 2023 மே 31 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் நீதித் துறையும், குழந்தைகளின் குரல் பதிவுகளைப் பெற்றோர் அழிக்கக் கேட்ட பின்னும் வைத்திருந்ததற்காக அமேசான் 2.5 கோடி டாலர் தண்டம் செலுத்தும் உடன்பாட்டை அறிவித்தன.

இந்தியாவிலும் இது பேசப்படாமல் இல்லை. 2021 ஜூன் இறுதியில், சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வந்த கூகுள் பிரதிநிதிகள், அசிஸ்டன்டிடம் பேசப்படும் பதிவுகள் சிலவற்றைத் தம் பணியாளர் கேட்பதை ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அமெரிக்காவில் வழக்கும் தண்டமுமாக முடிந்த ஒரு செய்தி, இங்கே ஒரு குழுக் கூட்டத்தின் குறிப்போடு நின்றுபோனது. குரல் பதிவுக்காக இழப்பீடு பெற்ற இந்தியப் பயனர் என்று எடுத்துக்காட்ட நம்மிடம் எவரும் இல்லை.

நிறுவனம் இன்று தரும் வசதி நாளையும் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. பதிவை அமேசானுக்கு அனுப்பாமல் கருவியிலேயே வைத்துக்கொள்ளும் தெரிவு சில எக்கோ கருவிகளில் இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அது நீக்கப்பட்டது. புதிய செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மேகக் கணினியின் திறன் தேவை என்பது சொல்லப்பட்ட காரணம். ஒப்புதல் கொடுத்தது நாம். அதன் எல்லைகளை மாற்றுவது அவர்கள்.

'இலவசம்' என்ற சொல்

2025-ஆம் ஆண்டில் இந்தியப் பயனர்களுக்கு இலவசங்கள் வரிசையாக வந்தன. ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி புரோவை ஓராண்டு இலவசமாக்கியது. அக்டோபர் இறுதியில் ஜியோ, கூகுள் ஜெமினி புரோவைப் 18 மாதங்களுக்கு இலவசமாக அறிவித்தது. நவம்பரில் ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடி கோவை ஓராண்டு இலவசமாக வழங்கியது. பிற நாடுகளில் மாதக் கட்டணத்துக்கு விற்கப்படும் பொருள்கள் இவை. பல கோடிப் பேர் பல மொழிகளில் பேசும் பேச்சும் கேட்கும் கேள்விகளும் ஒரு நிறுவனத்துக்கு எத்துணை மதிப்புடையவை என்பதை இந்தத் தாராளமே காட்டிவிடுகிறது.

தமிழ்க் குரல் தரவு விலை மதிப்புடையது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த காரியா என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, ஊர்ப்புற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து இந்திய மொழிக் குரல் பதிவுகளைத் திரட்டுகிறது. பதிவு மீண்டும் விற்கப்பட்டால் பேசியவருக்குப் பங்கும் தருகிறது. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வகம், பங்கேற்பாளர்களின் ஒப்புதலோடு 22 இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தரவைத் தொகுத்துள்ளது. ஆக, ஓரிடத்தில் கூலிக்குரிய உழைப்பாகக் கருதப்படும் அதே பேச்சு, நம் கைபேசியில் கூலியில்லா உழைப்பாகிறது.

கூலியின்றி வேலை வாங்கும் வெட்டி முறையை அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் உறுப்பு தடை செய்கிறது. குரல் தரவு அந்த உறுப்புக்குள் அடங்கும் என்று வழக்காட இயலாது. இங்கே வற்புறுத்தல் இல்லை, ஈடாக ஒரு சேவையும் கிடைக்கிறது. ஆயினும் வெட்டியின் வரலாற்றை அறிந்த சமூகத்தினர், 'இதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள், யார் கொடுக்கவில்லை' என்ற கேள்வியைக் கேட்பது இயல்பே.

குரலில் தெரியும் சாதி

குரல் என்பது பெயரைப் போன்ற தகவல் அன்று. பெயரை மாற்றலாம், கடவுச்சொல்லை மாற்றலாம், குரலை மாற்ற முடியாது. அது கைரேகை போன்ற உடலடையாளம். அதைவிட, தமிழில் பேச்சு வழக்கே ஊரையும் வகுப்பையும் பல வேளைகளில் சாதியையும் காட்டிக்கொடுக்கிறது. தென்னிந்திய மொழிகளில் சாதிக் கிளைமொழிகள் உண்டு என்பதை 1960-களிலேயே வில்லியம் பிரைட், ஏ.கே. ராமானுஜன் போன்ற மொழியியலாளர் ஆய்ந்து எழுதினர். வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் இரண்டு சொற்றொடர் பேசியவுடனே 'வீடு இல்லை' என்ற விடை பெற்றவர்களுக்கு அந்த ஆய்வு தேவையில்லை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் எழுகின்றன. தமிழ்ப் பதிவைக் கேட்டுத் திருத்தும் பணியாளர் தமிழறிந்தவராகவே இருக்க முடியும். அவர் கலிபோர்னியாவின் முகமற்ற பொறியாளர் அல்லர். பேச்சைக் கேட்டவுடன் சாதியைக் கணிக்கப் பழகிய அதே சமூகத்திலிருந்து வந்தவர். பதிவில் பெயர் இல்லை என்று நிறுவனம் சொல்லும்போது, குரலும் ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் அதில் இருப்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 'காலனி' என்ற ஒற்றைச் சொல் எதைத் தெரிவிக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விளைவு, இயந்திரத்தின் காது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி கருவிகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் சராசரியாக 19 விழுக்காட்டுச் சொற்களைத் தவறாக அறிந்த அவை, கறுப்பின மக்கள் பேச்சில் 35 விழுக்காட்டைத் தவறாக அறிந்தன. எவருடைய பேச்சு பயிற்சித் தரவில் குறைவாக உள்ளதோ, அவர் பேச்சை இயந்திரம் குறைவாகவே புரிந்துகொள்ளும். இந்த முறை மீஞ்சூர்த் தமிழுக்கும் பொருந்தும். செய்தி வாசிப்பாளரின் தமிழில் பயின்ற கருவி, உப்பளத்திலும் மீன் அங்காடியிலும் பேசப்படும் தமிழின் முன் தடுமாறும். அதற்காக நம் மக்கள் தம் பேச்சைத் திருத்திக்கொண்டு கருவியிடம் பேசக் கற்கின்றனர்.

இங்கே ஒரு முரண் இருப்பதையும் மறைக்க வேண்டாம். நம் பேச்சைத் தராவிட்டால் கருவி நம்மைப் புரிந்துகொள்ளாது. தந்தாலோ நம்மை அடையாளம் காணும். தனி ஆள் அமைப்புப் பொத்தானைத் தட்டி இதைத் தீர்க்க முடியாது. ஒப்புதலும் கூலியும் கட்டுப்பாடும் பேசுவோர் கையில் இருக்கும் பொதுத் தரவுத் தொகுப்புகளே இதற்கு வழி.

சட்டம் எதுவரை வரும்?

2017 ஆகஸ்ட் 24 அன்று கே.எஸ். புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த வரைவுச் சட்டத்திலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் 'நுண்ணிய தனிநபர் தரவு' என்ற தனி வகை இருந்தது. உடல்நலம், பாலியல் சார்பு, உடலடையாளம் ஆகியவற்றோடு 'சாதி அல்லது பழங்குடி' என்பதும் அவ்வகையில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தகைய தரவுக்குக் கூடுதல் பாதுகாப்பும், வெளிப்படையான ஒப்புதலும் கட்டாயமாக இருந்தன.

2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. இன்றைய சட்டத்தின் பார்வையில் ஒருவரின் சாதியும் அவர் வாங்கும் காலணியின் அளவும் ஒரே தரத் தரவுகள். தலித் இயக்கங்கள் இந்த நீக்கத்தைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது எங்கள் கருத்து.

சட்டத்தில் நமக்குப் பயன்படுபவையும் உள்ளன. ஒப்புதல் தன்னிச்சையானதாக, குறிப்பானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயமற்றதாக இருக்க வேண்டும் என 6-ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் தெரிவைத் தர வேண்டும். ஆகவே தமிழில் கேட்பது சலுகை அன்று, உரிமை. கொடுத்த எளிமையிலேயே ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். தம் தரவின் விவரத்தை அறிய 11-ஆம் பிரிவும், திருத்தவும் அழிக்கவும் 12-ஆம் பிரிவும், குறை தீர்க்க 13-ஆம் பிரிவும் உரிமை தருகின்றன. 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் அவர்தம் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது என 9-ஆம் பிரிவு விதிக்கிறது. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

ஆனால் குறைகள் பெரியவை. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். தண்டத் தொகை அரசுக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு இல்லை. இழப்பீட்டுக்கு வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. 17(2) பிரிவின்படி ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது. வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஒப்புதலின்றியே தரவைக் கையாளலாம் என்கிறது 7-ஆம் பிரிவு. நிறுவனம் கொடுத்த கைபேசியிலோ செயலியிலோ வருகைப் பதிவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்த வரி நேரடியாகப் பொருந்தும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலை வெளியிடலாம் என்று அப்பிரிவுக்குள்ளேயே இருந்த விலக்கையும் இச்சட்டம் எடுத்துவிட்டது. குடிமக்களின் தனியுரிமையைக் காப்பதற்கு முன்பே, அலுவலர்களின் தகவலை மறைக்க அது உதவத் தொடங்கிவிட்டது.

பதிவு சான்றாகும்போது

சர்வரில் இருக்கும் பதிவு, கேட்டுப் பெறக்கூடிய ஆவணம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அலுவலரோ மின்னணுத் தகவலையும் தகவல்தொடர்புக் கருவிகளையும் முன்வைக்க ஆணையிடலாம். 2019-இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் குரல் மாதிரி எடுக்கக் குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம் என்றது. புதிய சன்ஹிதாவின் 349-ஆம் பிரிவு அதைச் சட்டமாகவே எழுதியுள்ளது. மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கும் முறையைப் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு வகுக்கிறது. அமெரிக்காவில் கொலை வழக்குகளில் எக்கோ கருவியின் பதிவுகள் கோரப்பட்டதுண்டு. 2018-இல் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர் அவற்றை ஒப்படைக்குமாறு அமேசானுக்கு ஆணையிட்டார்.

தமிழ்நாட்டில் நாம் மறக்க முடியாத எடுத்துக்காட்டு வேங்கைவயல். 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்த நீரைக் குடித்தவர்கள் நீதி கேட்டனர். விசாரணையில் கைபேசிகள் ஆராயப்பட்டன. குரல் மாதிரிச் சோதனையும் நடந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கைபேசிகளிலிருந்து கிடைத்ததாகக் கூறப்பட்ட படங்களும் உரையாடல்களும் அதற்கு ஆதாரமாக முன்வைக்கப்பட்டன. ஒலிப்பதிவுகள் சில சமூக ஊடகங்களிலும் பரவின. அம்முடிவை அக்குடியிருப்பு மக்களும் பல இயக்கங்களும் மறுத்தனர். அவ்வழக்கில் குரல் உதவியாளர் எதுவும் இல்லை. வழக்கின் தகுதியைப் பற்றிப் பேசுவதும் இங்கு நோக்கமன்று. பாதிக்கப்பட்டோராக நிலையத்துக்குச் செல்பவரின் கைபேசி, அவருக்கு எதிரான சான்றுப் பெட்டியாகவும் மாறக்கூடும் என்பதே நாம் கற்க வேண்டியது. பதிவுகள் பெருகப் பெருக அந்தப் பெட்டியும் பெருக்கிறது.

உரிமைப் பணியாளர் கண்காணிக்கப்படுவதும் புதிதன்று. 2019-இல் வாட்ஸ்அப் வழியே பெகாசஸ் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டவர்களுள் ஆனந்த் டெல்டும்ப்டேவும், சத்தீஸ்கரின் தலித் உரிமைச் செயற்பாட்டாளர் டிகிரி பிரசாத் சௌகானும் இருந்தனர். 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011-இல் பிறப்பிக்கப்பட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை ரத்து செய்து, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இன்றி ஒட்டுக்கேட்பது தனியுரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தார். வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் ஒட்டுக்கேட்பு என்பது பேச்சு நடக்கும்போதே இடைமறிப்பது. நாமே பேசி, நிறுவனமே சேமித்து வைத்த பதிவைக் கேட்டுப் பெறுவதற்கு அத்தகைய கடுமையான வரம்புகள் இல்லை.

வழக்குப் பணியில் உள்ள ஆபத்து

களப் பணியாளர் பலரும் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைக் குரல் தட்டச்சில் பேசி எழுத்தாக்குகின்றனர். 2017 முதல் கூகுளின் குரல் உள்ளீடு தமிழில் கிடைப்பதால் இது விரைவாகவும் எளிதாகவும் நடக்கிறது. அண்மைக் காலமாக முழு வாக்குமூலத்தையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பேசி, புகார் மனுவாக எழுதித் தரச் சொல்லும் வழக்கமும் பரவிவருகிறது. பணிச்சுமையை அறிந்தவர்களாகிய நாங்கள் இதன் ஈர்ப்பைப் புரிந்துகொள்கிறோம்.

ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழி சேர்ந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்பும், தேவைப்படும்போது பெயர், முகவரி மறைப்பும் பெறும் உரிமையைத் தருகிறது. பாலியல் வன்முறைக்குள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். வழக்கறிஞர், கட்சிக்காரர் இடையிலான பேச்சின் இரகசியத்தைச் சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு காக்கிறது. நீதிமன்றத்தில் மறைக்க நாம் மனுப்போடும் அதே பெயரை, மூன்றாம் தரப்பு நிறுவனத்தின் சர்வரில் நாமே பேசி வைப்பது முரண். ஜெமினியில் மனிதர் பரிசீலித்த உரையாடல்கள், பயனர் தம் கணக்கிலிருந்து அழித்த பின்னும் 3 ஆண்டுகள் வரை வைக்கப்படும் என்றும், இரகசியத் தகவலை உள்ளிட வேண்டாம் என்றும் கூகுளே அறிவிக்கிறது. வாட்ஸ்அப்பில் இருவர் பேசிக்கொள்ளும் குரல் செய்தி முனைக்கு முனை மறையாக்கம் உடையது. அதே வாட்ஸ்அப்பில் மெட்டா ஏஐயிடம் பேசினால் அந்தப் பேச்சு மெட்டா நிறுவனத்துக்குச் செல்கிறது. பச்சை நிறம் ஒன்றே என்பதால் பாதுகாப்பும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு வீடு, ஒரு கைபேசி

தனியுரிமை பற்றிய மேலைநாட்டுப் பேச்சு 'ஒருவருக்கு ஒரு கருவி' என்ற எண்ணத்தில் அமைந்தது. நம் வீடுகளில் ஒரே கைபேசியைக் கணவரும் மனைவியும் பிள்ளைகளும் பயன்படுத்துகின்றனர். கணக்கோ ஒருவர் பெயரில் இருக்கிறது. பெண் ஒருவர் குடும்ப வன்முறை குறித்தோ கருக்கலைப்பு குறித்தோ கேட்ட கேள்வி, கணவரின் கணக்கு வரலாற்றில் பதிவாகிறது. சாதி மறுத்துத் திருமணம் செய்யத் திட்டமிடும் இணையருக்கு இது உயிர்ப் பிரச்சினை. பதிவுத் திருமண நடைமுறை, பேருந்து நேரம், காவல் பாதுகாப்பு என்று கேட்டவை அனைத்தும் வீட்டார் எடுத்துப் பார்க்கக்கூடிய பட்டியலில் இருக்கும். 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்கவும் காவல் பாதுகாப்பு அளிக்கவும் வழிகாட்டியது. பாதுகாப்பு கோரி வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, 'உங்கள் கணக்கு வேறு எந்தக் கைபேசியில் திறந்திருக்கிறது' என்பதே.

செய்யக்கூடியவை

தனிப்பட்ட பயன்பாட்டுக்கு:

1. கூகுள் கணக்கில் 'எனது செயல்பாடு' பக்கத்தைத் திறந்து சேமிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். குரல், ஒலிப் பதிவுகளைச் சேமிக்கும் தெரிவு அணைந்திருக்கிறதா எனச் சரிபாருங்கள். 3 மாதங்களுக்கு மேற்பட்டவை தாமாக அழியும்படி அமைக்கலாம்.

2. அலெக்சா செயலியில் தனியுரிமைப் பகுதிக்குள் குரல் வரலாற்றைக் கேட்கவும் அழிக்கவும் முடியும். மனிதர் பரிசீலனைக்குப் பதிவைத் தரும் தெரிவை அணைக்கலாம்.

3. விழிப்புச் சொல் வசதியை நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் கேட்கும்படி வையுங்கள். தவறுதலான பதிவுகள் பெரிதும் குறையும்.

4. கைபேசி அமைப்பில் எந்தெந்தச் செயலிக்கு ஒலிவாங்கி அனுமதி உள்ளது என மாதம் ஒருமுறை பாருங்கள். கடன் செயலிக்கு ஒலிவாங்கி எதற்கு?

5. பகிரப்படும் கைபேசியில் நுட்பமான எதையும் குரலில் கேட்க வேண்டாம். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் தட்டச்சு செய்வது அதைவிட மேல். நேரில் ஒருவரைக் கேட்பது எல்லாவற்றிலும் மேல்.

அமைப்புகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும்:

1. கலந்தாய்வு நடக்கும் அறைக்குள் கைபேசிகளும் ஸ்மார்ட் ஸ்பீக்கர்களும் வேண்டாம் என்பதை எழுதப்பட்ட விதியாக்குங்கள். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்.

2. பேச்சை எழுத்தாக்குவது தேவையெனில், இணையமின்றிச் சொந்தக் கணினியிலேயே இயங்கும் திறந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஓப்பன்ஏஐ 2022-இல் திறந்து வெளியிட்ட விஸ்பர், ஏஐ4பாரத்தின் திறந்த மாதிரிகள் ஆகியவை தமிழை அறியும். பிழை மிகும், திருத்த நேரம் ஆகும். சாட்சியின் பாதுகாப்புக்கு அது பொருத்தமான விலை.

3. இணையக் கருவியைத் தவிர்க்கவே முடியாதபோது பெயர், ஊர், தெரு, சாதி, முதல் தகவல் அறிக்கை எண் ஆகியவற்றைச் சொல்லாமல், அவற்றின் இடத்தை வெற்றாக விட்டுப் பின்னர் கையால் நிரப்புங்கள்.

4. வாக்குமூலம் பதிவு செய்யுமுன், பதிவு எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பேசுபவருக்கு அவர் மொழியில் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். நிறுவனங்களிடம் நாம் கேட்பதை முதலில் நாம் செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். வழக்குக்குச் சான்றாகத் தேவைப்படும் பதிவை அழிக்கக் கூடாது. மிரட்டல் அழைப்பு, சாதிச் சொல்லால் இழிவுபடுத்திய குரல் செய்தி போன்றவற்றை மூலக் கருவியிலேயே பாதுகாத்து வைத்து, 63-ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு வழக்கறிஞரை அணுகுங்கள்.

கேட்க வேண்டியவை

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோதும் இப்பகுதி மக்களுக்குத் தேவைப்பட்டது உடனடித் தகவலும் தம் குரலைப் பதிவு செய்யும் வழியும். அத்தகைய நேரங்களில் குரல்வழித் தொழில்நுட்பம் உண்மையாகவே உயிர் காக்கும். ஆகவே அதை மறுப்பது நம் கோரிக்கை அன்று. சாதியையும் குரலடையாளத்தையும் நுண்ணிய தரவாக மீண்டும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். தரவு மீறலால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டு உரிமை வேண்டும். சேமித்த குரல் பதிவைக் காவல் துறை பெறுவதற்கு நீதிமன்ற ஆணை கட்டாயமாக வேண்டும். ஒன்றிய அரசின் பாஷினி போன்ற பொதுத் திட்டங்கள் மக்களின் பேச்சைப் பெறும்போது தமிழில் தெளிவான அறிவிப்பும் உரிய கூலியும் வேண்டும். மனிதர்கள் கேட்கும் தமிழ்ப் பதிவுகளின் அளவையும், அவற்றைக் கேட்போர் கட்டுப்பட்ட நெறிகளையும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2027 மே மாதத்துக்குள் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் நடைமுறைக்கு வர உள்ளன. அதுவரை உள்ள காலம் இக்கோரிக்கைகளை எழுத்தில் வைப்பதற்கு உரியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு பணியிலிருந்து தொடங்கலாம்: தம் பகுதியினர் பத்துப் பேரின் கைபேசிகளில், அவர்தம் ஒப்புதலோடு, எத்தனை குரல் பதிவுகள் சேமிக்கப்பட்டுள்ளன, அவற்றுள் எத்தனை அறியாமல் பதிவானவை என்று எண்ணிப் பாருங்கள். தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் முன் நாளை நாம் வைக்கவிருக்கும் முதல் மனுவுக்கு அந்த எண்ணிக்கை தேவைப்படும்.